ஜெர்டன் கல்குருவி: மறு கண்டுபிடிப்பும் புதர்க்காட்டுப் பாதுகாப்பும்

ஜெர்டன் கல்குருவி (அறிவியல் பெயர்: ரைனோப்டிலஸ் பைடார்குவேட்டஸ்) தென்னிந்தியாவின் வறண்ட முட்புதர்க்காடுகளில் மட்டும் வாழும், இரவில் நடமாடும் தரைப்பறவை. 1848-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இப்பறவையை 1900-க்குப் பின் 86 ஆண்டுகள் அறிவியலாளர் எவரும் கண்டதாக அறியப்படவில்லை. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட நிலையில் 1986-ல் ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பா மாவட்டத்தில் மீண்டும் கண்டறியப்பட்டது. அதைத் தொடர்ந்து அதன் வாழிடம் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் 'தரிசு' என்று ஒதுக்கப்பட்ட புதர்க்காட்டின் மதிப்பை உணர்த்திய முதன்மையான நிகழ்வுகளுள் ஒன்று இது.

பெயரும் தோற்றமும்

ஏறத்தாழ 27 செ.மீ. நீளமுள்ள இப்பறவை நீண்ட கால்களும் பெரிய கண்களும் கொண்டது. மேலுடல் பழுப்பு நிறம். கழுத்தின் முன்புறம் செம்பழுப்புத் திட்டு உண்டு. மார்பில் குறுக்காக இரண்டு பழுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. 'பைடார்குவேட்டஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'இரு பட்டை அணிந்தது' என்று பொருள். கண்ணுக்கு மேல் அகன்ற வெளிர் புருவக்கோடு இருக்கும். அலகின் அடிப்பகுதி மஞ்சள், நுனி கருமை.

கடப்பா பகுதி மக்கள் இதைக் 'கலிவி கோடி' என்கின்றனர். தெலுங்கில் கலிவி என்பது களாச்செடி, கோடி என்பது கோழி. களாப்புதரில் வாழும் கோழி என்று இப்பெயரைப் புரிந்துகொள்ளலாம். ஜெர்டன் தம் காலத்தில் 'அடவி உத்த தித்தி' என்ற வேறொரு தெலுங்குப் பெயரைப் பதிவு செய்துள்ளார். அதன் பொருள் 'காட்டு வெறும்பை'.

இதன் உறவுப் பறவையான இந்தியக் கல்குருவி திறந்த வெட்டவெளிகளில் பகலில் ஓடித் திரிவது, தமிழ்நாட்டிலும் காணப்படுவது. ஜெர்டன் கல்குருவியோ வெட்டவெளியிலும் வாழாது, அடர்ந்த காட்டிலும் வாழாது. புதர்களும் அவற்றுக்கு இடையே வெற்றுத் தரையும் கலந்த நிலமே அதற்கு வேண்டும்.

முதல் கண்டுபிடிப்பு

தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் 1811-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் பிறந்தவர். 1836-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். பணி நிமித்தம் சென்ற இடமெல்லாம் பறவைகளையும் பாம்புகளையும் எறும்புகளையும் சேகரித்தார். நெல்லூரில் மருத்துவராக இருந்தபோது ஏனாதி பழங்குடியினரின் உதவியுடன் அப்பகுதியின் உயிரினங்களைத் திரட்டினார். தீபகற்ப இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய பட்டியல் 1839 முதல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் தொடராக அச்சிடப்பட்டது. 'இந்தியப் பறவைகள்' என்ற அவரது மூன்று தொகுதி நூல் 1862-க்கும் 1864-க்கும் இடையில் வெளியானது. அவர் 1872-ல் மறைந்தார்.

ஜெர்டன் அறிந்து தெரிவித்த இப்பறவையை, கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் 1848-ல் அறிவியல் முறைப்படி விவரித்தார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மிகச் சில பதிவுகளே கிடைத்தன. நிலவியலாளர் வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்ட் 1867 முதல் 1871 வரையிலான காலத்தில் கோதாவரிப் பள்ளத்தாக்கின் சிரோஞ்சா, பத்ராசலம் பகுதிகளில் இதைக் கண்டார். 1900-ல் ஹோவர்ட் கேம்ப்பெல் அனந்தபூர் அருகே கண்டதே அந்தக் காலகட்டத்தின் கடைசிப் பதிவாக அமைந்தது.

காணாமல்போன காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வெர்னே அறிவியல் கணக்கெடுப்பு நடந்தது. விரிவாகப் பறவைகளைச் சேகரித்த அந்தக் குழுவுக்கு ஜெர்டன் கல்குருவி கிடைக்கவில்லை. பறவையியலாளர் சாலிம் அலியும் (1896-1987) பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினரும் பல முறை தேடினர். 1970-களில் நடந்த தேடலும் பலன் தரவில்லை. பறவை அழிந்துவிட்டது என்ற எண்ணம் வலுப்பெற்றது.

தேடல்கள் தோற்றதற்கு ஒரு காரணம் பின்னர்தான் தெரியவந்தது. மற்றக் கல்குருவிகளைப் போல இதுவும் பகலில் நடமாடும் என்று எண்ணிப் பகலில்தான் தேடினார்கள். பகல் முழுதும் இது புதர் நிழலில் அசையாமல் பதுங்கியிருக்கும். அதன் பழுப்பு நிறம் தரையோடு கலந்துவிடும். அருகில் சென்றாலும் பறக்காமல் புதர்களுக்கு இடையே ஓடி மறைந்துவிடும்.

1986: மீண்டும் கண்டறிதல்

1985-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பாரத் பூஷண் என்ற இளம் ஆய்வாளரை இப்பறவையைத் தேடும் பணியில் ஈடுபடுத்தியது. பழைய பதிவுகள் உள்ள ஊர்களுக்குச் சென்ற அவர் பறவையின் படத்தை ஊர் மக்களிடம் காட்டி விசாரித்தார். காடை, கவுதாரி பிடிப்பவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் அவருக்குத் தகவல் தந்தனர். அப்படி ஒரு பறவை உண்டு என்றும், இரவில்தான் வெளியே வரும் என்றும் கடப்பா மாவட்டத்தில் சிலர் கூறினர். நூல்களில் இல்லாத செய்தி அது.

லங்கமலைக் குன்றுகளின் அடிவாரத்தில் உள்ள ரெட்டிப்பள்ளி ஊரைச் சேர்ந்த வேட்டைக்காரரான ஐதன்னா, 1986 ஜனவரி நடுப்பகுதியில் இரவு நேரத்தில் விளக்கொளியில் ஒரு பறவையை உயிருடன் பிடித்தார். அது ஜெர்டன் கல்குருவிதான் என்று உறுதியானது. அடுத்த சில நாட்களில் அதே பகுதியில் வேறு பறவைகளையும் பாரத் பூஷண் நேரில் கண்டார். முதலில் பிடிபட்ட பறவை பிழைக்கவில்லை. அதன் உடல் பாடம் செய்யப்பட்டுப் பம்பாயில் பாதுகாக்கப்பட்டது. அழிந்ததாக எண்ணிய பறவை உயிரோடு இருக்கிறது என்பதற்கான முதல் சான்று, அந்தப் பறவையின் இறந்த உடலாகவே கிடைத்தது.

தம் வாழ்நாளில் பலமுறை தேடிய பறவை கிடைத்த செய்தியைச் சாலிம் அலி மறைவதற்கு ஓராண்டு முன் அறிந்தார். அறிவியலுக்கு 86 ஆண்டுகள் தெரியாமல் இருந்த பறவை உள்ளூர் வேட்டைக்காரருக்குத் தெரிந்திருந்தது என்பது இந்த வரலாற்றின் முக்கியமான செய்தி. நெல்லூரில் ஜெர்டனுக்கு ஏனாதியர் உதவியதும் கடப்பாவில் பாரத் பூஷணுக்கு ஐதன்னா உதவியதும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கத் தக்கவை.

சரணாலயம்

மறு கண்டுபிடிப்புக்குப் பின் ஆந்திரப் பிரதேச அரசு 1988-ல் லங்கமலைப் பகுதியை ஸ்ரீ லங்கமல்லேஸ்வர காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவித்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 464 சதுர கி.மீ. புலி, யானை போன்ற பெருவிலங்குகள் மீதே பெரிதும் கவனம் இருந்த காலத்தில், ஒரு சிறிய பறவைக்காகச் சரணாலயம் அமைந்தது குறிப்பிடத்தக்க நிகழ்வு.

எனினும் சரணாலயத்தின் பெரும்பகுதி குன்றுகளும் மரக்காடுகளும்தான். பறவைக்கு வேண்டிய புதர்க்காடு மலையடிவாரத்தில், ஊர்களையும் வயல்களையும் ஒட்டிய குறுகிய விளிம்பில் இருந்தது. அதில் ஒரு பகுதி சரணாலய எல்லைக்கு வெளியே இருந்தது. பின்னர் எழுந்த சிக்கல்களுக்கு இதுவே அடிப்படை.

கள ஆய்வுகள்

2000-க்குப் பின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பிரிட்டிஷ் ஆய்வாளர்களுடன் இணைந்து விரிவான ஆய்வைத் தொடங்கியது. அதன் களப்பணியை முன்னெடுத்தவர் ப. ஜெகநாதன். தமிழில் பறவைகளைப் பற்றியும் சூழலியல் பற்றியும் தொடர்ந்து எழுதிவருபவராக வாசகர்கள் அவரை அறிவர்.

இரவில் மட்டும் வெளிவரும், மிகக் குறைந்த எண்ணிக்கையில் உள்ள பறவையை எண்ணுவது எப்படி என்பதே முதல் கேள்வி. அதற்கு மூன்று வழிகள் கையாளப்பட்டன.

முதலாவது, மண்பட்டை. புதர்களுக்கு இடையே சில மீட்டர் நீளத்துக்குச் சலித்த மென்மண்ணைப் பரப்பி வைப்பார்கள். இரவில் அதன் மேல் நடந்த பறவையின் காலடித் தடம் காலையில் தெரியும். ஆட்காட்டி, கண்கிலேடி ஆகியவற்றின் தடங்களிலிருந்து இதைப் பிரித்தறிய அளவுகள் வகுக்கப்பட்டன.

இரண்டாவது, தானியங்கிக் கேமரா. தடம் கிடைத்த இடங்களில் கேமராவை வைத்து, தடம் இப்பறவையுடையதுதான் என்று உறுதி செய்தனர்.

மூன்றாவது, குரல். மறு கண்டுபிடிப்புக்குப் பின் பல ஆண்டுகள் இப்பறவையின் குரல் எது என்றே தெரியாமல் இருந்தது. குரல் அடையாளம் காணப்பட்டுப் பதிவானதும் அதை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்து பதில் குரலுக்குக் காத்திருக்கும் முறை உருவானது. சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து இப்பறவை குரல் கொடுக்கத் தொடங்கும். இரண்டு அசைகள் கொண்ட அந்த ஒலி நொடிக்கு ஒன்று என்ற அளவில் வரும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டால் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டும்.

இந்த ஆய்வுகளின் வழியாகப் பறவையின் தேவை துல்லியமாகத் தெரிந்தது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான புதர்கள் ஹெக்டேருக்கு 300 முதல் 700 வரையும், அதைவிடச் சிறிய புதர்கள் 1000-க்குக் குறைவாகவும் உள்ள இடங்களில் இது இருக்கும் வாய்ப்பு மிகுதி. புதர் அடர்ந்தாலும் ஆகாது, முற்றிலும் அழிந்தாலும் ஆகாது. எச்சத்தை ஆராய்ந்தபோது கரையானும் எறும்பும் இதன் முக்கிய உணவு எனத் தெரிந்தது.

ஆடு மாடு மேய்ச்சலைப் பற்றிய பார்வையையும் இந்த ஆய்வு மாற்றியது. அளவான மேய்ச்சலும் விறகெடுப்பும் புதர்க்காடு அடர்ந்துவிடாமல் வைத்திருக்கின்றன. மேய்ச்சல் மிகுந்தால் புதர் அழிகிறது. மேய்ச்சலை முழுதும் தடுப்பதும் பறவைக்கு நன்மை தராமல் போகலாம். ஆகவே ஊர் மக்களை வெளியேற்றி வேலி போடும் வழக்கமான பாதுகாப்பு முறை இங்கே பொருந்தவில்லை.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடத்திய மற்றோர் ஆய்வு, சரணாலயத்திலும் அதைச் சுற்றியும் 1991-க்கும் 2000-க்கும் இடையில் புதர்க்காட்டின் பரப்பு 11 முதல் 15 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. பொக்லைன் போன்ற இயந்திரங்களால் புதரை அகற்றி வயலாகவும் எலுமிச்சைத் தோட்டமாகவும் மாற்றியதே முக்கியக் காரணம்.

கால்வாய்ச் சிக்கல்

தெலுங்கு கங்கைத் திட்டம் கிருஷ்ணா நதி நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் நோக்கில் உருவானது. 1983-ல் ஆந்திர முதல்வர் என்.டி. ராமாராவும் தமிழக முதல்வர் எம்.ஜி. ராமச்சந்திரனும் இதற்கான உடன்பாட்டைச் செய்தனர். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தலா 5 டி.எம்.சி. நீரை விட்டுத்தருவதும், சேதாரம் போக 12 டி.எம்.சி. தமிழக எல்லையில் வந்து சேர்வதும் ஏற்பாடு. 1996-ல் நீர் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைந்தது. வழியில் ராயலசீமை, நெல்லூர் பகுதிகளின் பாசனத்துக்கும் இத்திட்டம் பயன்பட்டது. அதன் கால்வாய்கள் கடப்பா மாவட்டத்தின் வழியாகச் செல்கின்றன.

2005 அக்டோபரில் ஜெகநாதனும் குழுவினரும் வழக்கமான களப்பணியின்போது, சரணாலயத்துக்குள்ளேயே கால்வாய்க்காகப் புதர்க்காடு தோண்டப்பட்டிருப்பதைக் கண்டனர். பறவை வாழும் இடங்களில் முறையான அனுமதியின்றி அந்தப் பணி நடந்திருந்தது. அவர்கள் வனத்துறைக்குத் தெரிவித்தனர். வனத்துறை ஒப்பந்ததாரர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழுவிடம் விவகாரம் கொண்டுசெல்லப்பட்டது. பணி நிறுத்தப்பட்டு, சரணாலயத்தையும் பறவை வாழும் இடங்களையும் தவிர்த்துக் கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. பறவையின் வாழிடத்துக்காகக் கூடுதல் நிலத்தைக் கையகப்படுத்தவும் வழி ஏற்பட்டது.

இந்த நிகழ்வில் எளிய வில்லன் எவரும் இல்லை. வறண்ட ராயலசீமையின் விவசாயிக்கு நீர் தேவை. சென்னை மக்களுக்குக் குடிநீர் தேவை. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவைக்கு அந்தப் புதர் தேவை. பாதையைச் சற்று விலக்கினால் மூன்றும் நிறைவேறும் என்பதை ஆய்வுத் தரவுகள் காட்டின. தரவு இல்லாதிருந்தால், பறவை அங்கே இருப்பதை நிறுவ வழி இருந்திருக்காது.

முட்டையும் கோலாரும்

2013-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் இப்பறவையின் முட்டை ஒன்று இருப்பது தெரியவந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டிரிங் கிளையில் உள்ள பாடம் செய்த பறவையின் மரபணுவோடு ஒப்பிட்டு அது உறுதி செய்யப்பட்டது. உலகில் இப்பறவையின் முட்டை என்று அறியப்பட்டது அது ஒன்றுதான். 1917-ல் கோலார் தங்கவயல் பகுதியில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் எர்னெஸ்ட் மீட்டன் அதைச் சேகரித்ததாகக் கருதப்படுகிறது.

இந்த முட்டையால் இரண்டு செய்திகள் புலப்பட்டன. கடைசிப் பதிவாகக் கருதப்பட்ட 1900-க்குப் பிறகும் பறவை கண்ணில் பட்டிருக்கிறது. அது கடப்பாவுக்குத் தென்மேற்கே கோலார் வரை பரவியிருந்திருக்கிறது.

கோலார் தங்கவயலிலிருந்து நேர் தெற்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் தருமபுரி மாவட்டத்தின் கம்பைநல்லூர் உள்ளது. தென்பெண்ணையில் சேரும் கம்பைநல்லூர் ஆற்றின் கரையில் அமைந்த இப்பேரூரைச் சுற்றி மழை குறைந்த நிலமும், பாறைக் குன்றுகளும், இலந்தையும் சூரையும் காரையும் களாவும் வளரும் கரடுகளும் காணப்படுகின்றன. இங்கே ஜெர்டன் கல்குருவி கண்டறியப்பட்டதாகப் பதிவு இல்லை. ஆனால் கோலார், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக நீளும் இந்த நிலப்பரப்பு, கடப்பாவின் புதர்க்காட்டோடு தாவரத்திலும் காலநிலையிலும் நெருங்கிய உறவுடையது. கவுதாரி, கண்கிலேடி, பக்கி, முயல், கீரி போன்ற கரட்டு உயிர்களின் நிலைமை கடப்பாவில் எதைச் சார்ந்திருக்கிறதோ அதையே இங்கும் சார்ந்திருக்கிறது.

'தரிசு' என்ற வகைப்பாடு

புதர்க்காடு அழிவதற்கு இயந்திரங்கள் மட்டும் காரணமல்ல. காலனியாட்சிக் காலத்தில் வரி தராத நிலம் தரிசு என்று வகுக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் அந்த வகைப்பாடு நீடித்தது. இந்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் நிலம் ஒரு பிரிவாக இடம்பெறுகிறது. தரிசு என்று பதிவான நிலத்தைப் பயனுள்ளதாக்குவது அரசின் கடமையாகிறது. ஆகவே மரம் நடும் திட்டம், சீமைக்கருவேலம், கல்குவாரி, தொழிற்பேட்டை ஆகியவை முதலில் அங்கேதான் வந்து சேர்கின்றன. புதர்க்காட்டில் மரம் நட்டு அடர்த்தியாக்குவதும் அந்த வாழிடத்தை அழிப்பதே என்பதை ஜெர்டன் கல்குருவி ஆய்வு தெளிவாக்கியது.

தமிழ்நாட்டிலும் 2022-க்குப் பின் வறண்ட காடுகளின் மீது கவனம் திரும்பியது. அந்த ஆண்டு அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஏறத்தாழ 686 சதுர கி.மீ. பரப்பில் காவிரி தெற்கு காட்டுயிர்ச் சரணாலயம் அமைந்தது. தேவாங்கும் இரவில் நடமாடும் சிற்றுயிர்தான். அதன் வாழிடமும் வயலோரத்து வறண்ட காடுதான். இவை காப்புக்காடுகளுக்குள் அடங்கியவை. ஊர்ப்புறத்துக் கரடுகளும் மேய்ச்சல் புறம்போக்குகளும் இவற்றில் அடங்கவில்லை.

மீண்டும் ஓர் இடைவெளி

2009-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் பின் ஜெர்டன் கல்குருவி மறுபடி காணக் கிடைக்கவில்லை. உலகில் மொத்தம் 50 முதல் 249 வரை முதிர்ந்த பறவைகள் இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்ட இனம் அது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிகவும் அருகிய இனமாக வகைப்படுத்தியுள்ளது. செம்மரக் கடத்தல் பெருகியதால் அப்பகுதிக் காடுகளில் இரவு ஆய்வு கடினமானது. அந்தக் கடத்தலின் மனித விலையைத் தருமபுரி அறியும். 2015 ஏப்ரலில் திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட 20 தொழிலாளர்களில் தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலைப்பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தனர்.

2025 ஆகஸ்டில் பறவை நோக்கர்கள் குழு ஒன்று கடப்பா பகுதிப் புதர்க்காட்டில் இப்பறவையின் குரலைக் கேட்டுப் பதிவு செய்தது. ஒன்றரைப் பத்தாண்டுக்கும் மேலான மௌனத்துக்குப் பின் கிடைத்த சான்று அது. இருபது ஆண்டுகளுக்கு முன் குரலை அடையாளம் கண்டு பதிவு செய்து வைத்திருந்ததால்தான் இருட்டில் கேட்டதை உறுதிப்படுத்த முடிந்தது.

முக்கியத்துவம்

ஜெர்டன் கல்குருவியின் கூட்டையோ குஞ்சையோ ஆய்வாளர்கள் இன்றுவரை கண்டதில்லை. எனினும் இப்பறவையை முன்னிட்டுச் சேர்ந்த அறிவு அதன் எல்லையைத் தாண்டிப் பயன்படுகிறது. மண்பட்டையும் குரல்பதிவும் வேறு இரவுப் பறவைகளின் ஆய்வுக்கும் உதவக்கூடியவை. புதர்க்காடு என்பது சிதைந்த காடு அல்ல, தனக்கே உரிய உயிர்களைக் கொண்ட தனி வாழிடம் என்ற கருத்து இந்தியச் சூழலியலில் நிலைபெற இந்தப் பறவையின் வரலாறு துணைசெய்தது. அந்த வாழிடத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிந்தவர்கள் அங்கே ஆடு மேய்த்தவர்களும் கவுதாரி பிடித்தவர்களும் என்பதையும் அது பதிவு செய்துவைத்தது.